புதுப்பிப்பு: தவறான எக்ஸ்டென்ஷன் அழுத்தினால் கால் கட் ஆகும் சிக்கல் தீர்ந்தது

எங்கள் அலுவலக ஆஸ்டரிஸ்க்கில் (தொலைபேசி அழைப்புகளை இணைக்கும் மென்பொருள்), இல்லாத எக்ஸ்டென்ஷனை (உள் எண்ணை) அழுத்துபவர்களின் கால் சட்டென்று கட் ஆகிறது என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. வரவேற்பு மெனுவின் கான்டெக்ஸ்டில் (அந்த மெனுவுக்கான விதிகள் இருக்கும் பகுதி) ‘ஐ’ (i) எக்ஸ்டென்ஷனே இல்லை; தவறான எண் அழுத்தினால் என்ன செய்வது என்று சொல்லும் விதி அது. அது இல்லாவிட்டால் அழைப்பு துண்டிக்கப்படும். இப்போது அதைச் சேர்த்து, “நீங்கள் அழுத்திய எண் இல்லை” என்று சொல்லி மெனுவுக்கே திருப்புகிறேன். மூன்றாவது முறையும் தவறினால் ரிசப்ஷனில் மணி அடிக்கும். எத்தனை முறை தவறியது என்று எண்ணும் இந்தக் கவுன்ட்டர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வயதானவர்கள் மெனுவிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள், பாவம். எதுவுமே அழுத்தாதவர்களுக்கு ‘டி’ (t) எக்ஸ்டென்ஷன் தனியாக இருக்கிறது.

அப்புறம், 1 விற்பனைப் பிரிவு, 101 ஒரு மேசையின் எண் என்று இருந்ததால், 1 அழுத்தியவர் 5 விநாடி காத்திருந்தார். அடுத்த இலக்கம் வருமா என்று ஆஸ்டரிஸ்க் பார்க்கும் நேரம் அது. மேசை எண்களை 401 முதல் மாற்றியதும் உடனே இணைகிறது. மெனுவில் 4 எதற்கும் கிடையாது.