மாலை போட ஒரு படம் இல்லை: வீட்டில் படம் எடுத்த அனுபவங்கள்

கும்பகோணம் மருமகள்

என் மாமனார் போன ஆடியில் தவறிவிட்டார். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று மைத்துனர் கேட்டபோதுதான் உறைத்தது. என் போனில் 4,000-க்கு மேல் படம் கிடக்கிறது, மாமனார் இருப்பது 11 படத்தில். அந்தப் பதினொன்றிலும் ஓரமாக, பிரேயரில் நிற்கும் பையன் மாதிரி விறைப்பாக நிற்கிறார். கடைசியில் பேரன் காதுகுத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்தோம். பக்கத்தில் நின்ற அத்தையின் பட்டுப்புடவைத் தோளை அழிக்கப் போன ஸ்டுடியோக்காரர், மாமனாரின் தோள்துண்டையும் சேர்த்து அழித்துவிட்டார். பின்னால் நீலக் கலர், சட்டைக்குப் புதுசாக ஒரு பளபளப்பு. மாமியார் படத்தைப் பார்த்து அழவில்லை. "துண்டு எங்கே?" என்று மட்டும் கேட்டார்.

மாமனார் கொடிக்கால் வைத்திருந்தவர். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை எண்ணி அடுக்கி, கவுளி என்கிற கட்டாகக் கட்டுவார். காம்பெல்லாம் ஒரே பக்கம் வர, கட்டைவிரல் இலையைத் தள்ளிக்கொண்டே போகும். பார்க்கிற நமக்கு எண்ணிக்கை விட்டுப்போகும், அவருக்கு விடாது. நடுவில் பேரனை ஒரு அதட்டும் போடுவார். 16 வருஷம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போய் வந்திருக்கிறேன். ஒரு படம் எடுக்கவில்லை. தினமும் நடக்கிற காரியத்தை யார் படம் பிடிப்பார்கள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமியாரை எடுக்கிறேன். "போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்டி" என்று ஆரம்பத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேமராவைப் பார்க்கச் சொன்னால் பயந்த முகம்தான் வருகிறது. அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். காலை பத்து மணிக்குக் கொல்லை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வார். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும். சமையலறை டியூப்லைட்டை மட்டும் அணைத்துவிடுவேன், இல்லாவிட்டால் முகத்தில் பாதி மஞ்சள், பாதி பச்சையாக வருகிறது. "அந்தக் காலத்தில் கீரை என்ன விலை?" என்று எதையாவது கேட்டுவிட்டுப் போனை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொள்வேன். விலை சொல்ல ஆரம்பித்தால் அவருக்குப் போனே மறந்துவிடும்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். லென்ஸைத் துடையுங்கள். தோசை சுட்ட கையோடு எடுத்த படங்கள் எல்லாம் பனிமூட்டமாக இருக்கின்றன என்று ஆறு மாதம் போனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டில் எப்படி? யாருடைய எந்தப் படம் இல்லாமல் போயிற்று?

பழைய நெகட்டிவ்

அம்மா, நான் 30 வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். அந்தத் துண்டை அழித்தவர் சார்பில் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நானும் எத்தனையோ துண்டுகளை அழித்திருக்கிறேன்.

ஒரு தடவை பெரியவர் ஒருவர் கல்யாணக் குரூப் போட்டோவைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். முப்பது பேர் நிற்கும் படம். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மாள், முகம் பச்சரிசி அளவுதான். "இவள்தான், பெரிசா போட்டுக் குடு" என்றார். படத்தைப் படம் பிடித்து, பெரிதாக்கி, பென்சிலால் கண்ணையும் புருவத்தையும் நானே வரைந்தேன். பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போனார். நான் வரைந்தது அவர் மனைவியை அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த நாளில் தனிப் படம் இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம்தான் விழும். பிறகு வந்த 35 மில்லிமீட்டர் ரோலில் 36. ஒரு ரோல் போட்டால் பொங்கலில் ஆரம்பித்து தீபாவளியில் கழுவக் கொடுப்பார்கள். அதில் கீரை ஆய்வதை எடுத்தால் வீட்டில் அடி விழும். இப்போது அந்தக் காரணம் இல்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு ஒரு படமாவது முகம் நிறைய இருக்கட்டும். அதற்காக முகத்துக்கு அருகே போனைக் கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிசாகிக் காது ஒடுங்கிவிடும். இரண்டடி பின்னால் போய், போனில் 2 என்று இருக்கும் லென்ஸைத் தொட்டு எடுங்கள்.

ராத்திரியில் படத்தில் கறுப்புப் பட்டை பட்டையாக விழுவதாகப் பலர் கேட்கிறார்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. வெளிச்சத்தை உள்ளே விடும் ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் பட்டை விழும். போனில் நாமே அளவு வைக்கும் புரோ மோடு இருந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள். மலிவான எல்இடி பல்புக்கும் பெரும்பாலும் இதே வைத்தியம்தான்.

கடைசியாக ஒன்று, இது என் பாவக்கணக்கு. "பொண்ணைக் கொஞ்சம் வெளுப்பாப் போட்டுடுங்க" என்று வருவார்கள். போட்டுக் கொடுப்பேன், காசும் வாங்குவேன். இன்று போனில் அழகுபடுத்தும் மோடு என்று ஒன்று கேட்காமலேயே அதைச் செய்கிறது. அணைத்துவிடுங்கள். கறுப்பு முகத்துக்கு வேண்டியது நல்ல வெளிச்சம். பின்னால் ஜன்னலோ வெள்ளைச் சுவரோ இருந்தால் முகத்தின் மேல் விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், போதும்.

ரெட்டைவால் அப்பா

எங்கள் வீட்டு ரெட்டைவாலுக்கு மூன்று வயது. கேமராவைக் கண்டால் பல்லைக் கடித்து ஈ என்று காட்டும், அதற்கு சிரிப்பு என்று பெயர். தரையில் படுத்தால்தான் வேலை நடக்கிறது. நின்றுகொண்டு எடுத்தவற்றில் எல்லாம் உச்சந்தலையும் சுழியும்தான். படுத்துக்கொண்டு, ஒலியைக் கூட்டும் பட்டனை அழுத்தி வரிசையாக எடுத்துவிட்டு, ராத்திரி இருபதில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவேன். அன்றைக்கே அழிக்க வேண்டும். நாளைக்கு என்றால் எல்லாமே அழகாகத் தெரியும்.

ஒரு நாள் போனை அவளிடமே கொடுத்தேன். 64 படம். மின்விசிறி, தாத்தாவின் முழங்கால், நாய், மறுபடி மின்விசிறி. நடுவில் ஒரு படத்தில் நான், லுங்கியோடு, வாயில் பிரஷ். எப்போதும் எடுப்பது நான்தான் என்பதால், அந்த வருஷத்தில் நான் இருக்கும் ஒரே படம் அதுதான்.

பின்னல் போடாத சித்தி

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். அக்கா மகன், நான் தலைவிரி கோலமாக இட்லி மாவு அரைப்பதை எடுத்து, மூன்று நிமிஷத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். துபாயிலிருந்து என் நாத்தனார் சிரிக்கும் பொம்மை அனுப்பினார். அந்தப் படம் நன்றாகத்தான் இருந்தது, அதை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் எடுப்பது வேறு, போடுவது வேறு. எடுத்ததை முதலில் எடுக்கப்பட்டவரிடம் காட்டுங்கள்.

அடையாற்றங்கரை

2015 டிசம்பர். எங்கள் வீடு தரைத்தளம். 1-ஆம் தேதி ராத்திரி தண்ணீர் கட்டிலுக்கு வந்தது, விடியும்போது அலமாரியின் மூன்றாவது தட்டைத் தொட்டிருந்தது. அந்தத் தட்டில்தான் ஆல்பங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியமே தப்பு. ஆல்பங்களை மொட்டை மாடியில் வெயிலில் பரத்தினேன். காயக் காயப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் அம்மாவின் முகம் அடுத்த பக்கத்து மண்டபத்தோடு போயிற்று. அச்சகத்தில் வேலை பார்த்த எதிர்வீட்டு அண்ணன் ஓடிவந்து, "காய விடாதீங்க, நனையட்டும்" என்றார். கேன் தண்ணீரைப் பேசினில் ஊற்றி மிச்ச ஆல்பங்களை ஊற வைத்தார். படம் தானாக நழுவும்வரை காத்திருந்து, ஓரத்தைப் பிடித்து எடுத்து, சேறு போக அலசி, பழைய வேட்டியில் முகம் மேலே பார்க்க வரிசையாகப் பரத்தினோம். கரண்ட் கிடையாது, அதனால் நிழலில் காற்றாட விட்டோம். படத்தின் முகப்பை விரல் தொடவே கூடாது. ஈரத்தில் அந்தப் பூச்சு பாலாடை மாதிரி வழன்று வரும். ஸ்டுடியோவில் கழுவிய பழைய படங்கள் அறுபதுக்கு மேல் பிழைத்தன. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நான் எடுத்தவை வெறும் கலர்த் தண்ணீராகக் கரைந்துவிட்டன. கம்ப்யூட்டரும் அதே தரைத்தளத்தில்தான் இருந்தது, அதோடு ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று.

இப்போது மூன்று இடத்தில் வைக்கிறேன்: வீட்டில் ஒரு டிஸ்க், கோயம்புத்தூரில் தங்கையிடம் ஒன்று, மற்றது கூகுள் போட்டோஸ். 2021 ஜூன் 1-க்குப் பிறகு அங்கே ஏற்றுவது இலவச 15 ஜிபி கணக்கில் சேர்ந்துவிடுகிறது, காசு கட்டித்தான் வைத்திருக்கிறேன். தங்கைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடுகிறது, எடுத்த தேதியும் தொலைகிறது. ஃபைலாக, டாக்குமெண்ட் என்று தேர்ந்து அனுப்புகிறேன்.

வலிகாமத்து மகள்

அடையாற்றங்கரை எழுதியதை வாசித்துவிட்டு நேற்று இரவு நித்திரை வரவில்லை. எங்கள் அல்பங்களைக் கொண்டுபோனது தண்ணீர் இல்லை, சண்டை.

1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் சனம் ஒருவரை ஒருவர் நெரித்துக்கொண்டு நின்றது, மழையும் பெய்தது. அம்மா பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அப்பாவின் பென்ஷன் காகிதம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தா. அல்பங்களை அலுமாரியில் வைத்துப் பூட்டினா. இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிடலாம் என்ற நினைப்பு. அடுத்த வருசம் போய்ப் பார்க்கையில் அலுமாரியே இல்லை, கூரையில் ஓடும் இல்லை.

இன்றைக்கு எங்களிடம் 40 படங்கள் இருக்கின்றன. எல்லாம் நாங்கள் பிறருக்குக் கொடுத்தவை. அக்கா பெரியபிள்ளையானபோது எடுத்த சாமத்தியச் சடங்குப் படம் ஜெர்மனியில் பெரியம்மா வீட்டில் இருந்தது. அம்மா அப்பாவின் கலியாணப் படம் கனடாவில் மாமாவிடம். நான் தவழ்கிற படம், அம்மம்மா கொழும்பிலுள்ள தன் சிநேகிதிக்குக் கடிதத்தோடு அனுப்பியது. எங்களுக்கென்று வைத்துக்கொண்டதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் நான் ஒரு படத்தை அச்செடுத்தால் மூன்று பிரதி எடுத்து இரண்டைத் தபாலில் அனுப்பிவிடுவேன். இந்தக் காலத்திலும் தபாலா என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள்.

பெரியம்மா வீட்டுப் படங்களில் பின்பக்கம் ஒன்றும் எழுதவில்லை. ஆர் ஆர் என்று தெரிந்த ஆள் இப்போது அம்மா மட்டும்தான். சனிக்கிழமைகளில் ஒரு படத்தை மேசையில் வைத்து, அம்மா சொல்லச் சொல்ல ஒலிப்பதிவு செய்கிறேன். பிறகு படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் பெயர் எழுதுவேன். பேனை வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். போன கிழமை ஒரு படத்தில் கிணற்றடியில் நிற்கிற பெடியனைக் காட்டி ஆரென்று கேட்டேன். அம்மா ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னா. நிறுத்தினேன். பிறகு சொன்னா.

செட்டிநாட்டு வளவு

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிக்காதீர்கள். எங்கள் ஐயாவின் ஐயா படத்தில் இடது கன்னத்தை நான் அப்படித்தான் இழந்தேன். கண்ணாடியோடேயே முற்றத்துத் தாழ்வாரத்துக்கு, நேர்வெயில் படாத வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். போனுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புப் போர்வையை விரித்துப் பிடிக்கட்டும், கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது. பிளாஷ் கூடாது. போனும் படமும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கட்டும், சாய்ந்தால் ஐயாவின் தலை சிறுத்துவிடும். கண்ணாடியோடு ஒட்டாத சின்னப் படமாக இருந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள், பின்னால் பெரிதாக்கத் தோதுப்படும்.

கும்பகோணம் மருமகள்

எல்லோருக்கும் நன்றி. பெரியவரே, நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். உங்கள் பச்சரிசி முகக் கதையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "பாவம், அவரும் என்ன செய்வார்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

சித்தி சொன்னபடி இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தை முதலில் அவரிடமே காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேத்தி சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலால் படத்தை விரித்து, தனக்குப் பின்னால் இருந்த துணிக்கொடிக்குப் போனார். கொல்லைக் கொடியில், பாவாடைக்கும் என் நைட்டிக்கும் நடுவில், சிவப்புக் கரை போட்ட துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வாரா வாரம் அதைத் துவைத்துக் காயப்போடுகிறார் போலிருக்கிறது. ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை கொடியில் கிடப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, பின்னால் சுத்தமாக வைத்துக்கொண்டு எடுக்கட்டுமா அத்தை என்று கேட்டேன்.

"நைட்டியை மட்டும் எடு" என்றார்.