ஜிராவில் பர்ன்டவுன் கோடு கடைசி நாள்வரை இறங்கவே இல்லை, எங்கே தவறு?

கே.எல்_டெஸ்டர்:
வணக்கம். வேலைகளைப் பதிந்து பின்தொடர ஜிரா மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். டீமில் ஏழு பேர், நால்வர் கோலாலம்பூர் (கே.எல்.), மூவர் பினாங்கின் பாயான் லெப்பாஸ். ஸ்பிரின்ட், அதாவது ஒரு சுற்று வேலை, இரண்டு வாரம் (பத்து வேலை நாள்). 40 பாயின்ட் (வேலையின் அளவுக்குத் தரும் மதிப்பு) எடுத்தால் சராசரியாக 26தான் முடிகிறது. மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு ஒன்பது நாள் படுத்தே கிடந்து, பத்தாம் நாள் செங்குத்தாக விழுகிறது. வேலை தினமும் முடிந்துகொண்டுதான் இருக்கிறது. வேலைகளின் நிலையைக் காட்டும் போர்டில் கடைசி மூன்று பத்திகள் டெஸ்டிங், டன் (முடிந்தது), ரிலீஸ்ட் (வெளியிட்டது). அடுத்த ஸ்பிரின்டில் ஜூலை 7 வருகிறது, ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நாள், பினாங்கில் மட்டும் லீவு. இதை எப்படிக் கணக்கிடுவது?

தீவுக்காரன்:
கோடு விழாததற்குக் காரணம் அந்த ‘ரிலீஸ்ட்’ பத்தி. போர்டின் வலக்கோடிப் பத்திக்கு வந்ததை மட்டுமே ஜிரா முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். ‘டன்’னில் கிடப்பதெல்லாம் அதன் கண்ணுக்கு இன்னும் பாக்கி வேலைதான். ரிலீஸ் பத்தாம் நாள் போகிறது, கோடும் அன்றுதான் விழுகிறது. போர்ட் செட்டிங்ஸில் காலம்ஸ் போய், டன், ரிலீஸ்ட் இரண்டு ஸ்டேட்டஸையும் ஒரே கடைசிப் பத்தியில் போடுங்கள். எது ரிலீஸ் ஆனது என்பதை ஃபிக்ஸ் வெர்ஷன் (எந்த வெளியீட்டில் போகிறது என்று குறிக்கும் புலம்) காட்டட்டும். நடப்பு ஸ்பிரின்டை மூடிய பிறகு மாற்றுங்கள், பாதியில் மாற்றினால் சார்ட் குழம்பும்.

பட்டர்வொர்த்_பிஎம்:
மேலே சொன்னது சரி. இப்போது லீவு. போர்டில் ‘வொர்க்கிங் டேஸ்’ அமைப்பு ஒன்றுதான், ஊருக்கு ஊர் பிரிக்க முடியாது. ஜூலை 7ஐ அங்கே லீவாகப் போட்டால் கே.எல். நால்வர் வேலை செய்யும் நாளிலும் வழிகாட்டிக் கோடு (வேலை எப்படிக் குறைய வேண்டும் என்று காட்டுவது) சமமாக நிற்கும். ஆகவே இரு ஊருக்கும் பொதுவான லீவை மட்டும் அங்கே போடுங்கள். ஒரு ஊர் லீவை ஆள்-நாளில் கழியுங்கள்:

7 பேர் × 10 நாள் = 70. பினாங்கு மூவருக்கு ஒரு நாள் போனால் 67. யாராவது ஐந்து நாள் லீவு கேட்டிருந்தால் 62. உங்கள் சராசரி 26 பாயின்ட் × 62 ÷ 70 = சுமார் 23. அந்த 23தான் எடுக்க வேண்டியது. 40 என்பது ஆசை, உங்கள் டீம் ஒருமுறையும் தொடாத எண்.

கே.எல்_டெஸ்டர்:
நன்றி. பாதி முடிந்த ஸ்டோரிக்கு (போர்டில் உள்ள ஒரு வேலை) பாதிப் பாயின்ட் கொடுக்கலாமா? சில பாயின்டுகளை சப்-டாஸ்க்கில் (ஸ்டோரிக்குள் வரும் சிறு வேலை) போட்டிருக்கிறோம்.

தீவுக்காரன்:
வேண்டாம். முழுப் பாயின்டோடு அடுத்த ஸ்பிரின்டுக்குப் போகட்டும், முடிகிற ஸ்பிரின்டில் முழுதாகச் சேரும். சப்-டாஸ்க் பாயின்ட் பர்ன்டவுனில் ஏறாது, அவற்றைத் தாய் ஸ்டோரிக்கு மாற்றுங்கள். ‘ஸ்டார்ட் ஸ்பிரின்ட்’ அழுத்தும் முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் அது ஸ்கோப் (எடுத்த வேலையின் அளவு) மாற்றமாகப் பதிவாகி, கோடு மேலே ஏறும்.