ஏப்ரல் வந்தும் மொட்டைக் குச்சியாக நிற்கும் செடிகள்: பிடுங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: வணக்கம்ங்க. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து டொராண்டோ வந்து முதல் குளிர்காலம் முடிந்தது. போன கோடையில் நட்ட ரோஜாவும் ஆப்பிள் கன்றும் வெளியில் இருக்கின்றன. அத்தித் தொட்டியை கராஜிலும் கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுக்குள்ளும் வைத்திருந்தோம். ஏப்ரல் பாதி ஆகியும் எதிலும் ஒரு துளிர் இல்லை. தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். பிடுங்கிவிட்டுப் புதிது வாங்கலாமா?

பதில்: பிடுங்காதீங்க. முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்க.

நம் ஊர்க் கண்ணுக்கு மொட்டைச் செடி என்றால் தண்ணீர் காணாத செடி. ஏற்காட்டில் காபிச் செடி மாசி, பங்குனியில் வாடி நிற்கும். பூ மழை (பூக்க வைக்கும் கோடை மழை) ஒன்று இறங்கினால் பத்து நாளுக்குள் வெள்ளை வெளேர் என்று பூத்துவிடும். அது மழைக்குக் காத்திருந்த செடி. உங்கள் செடிகள் மண் சூடேறக் காத்திருக்கின்றன. சில்லிட்ட மண்ணில் வேர் தண்ணீரை அதிகம் இழுக்காது. ஊற்றியது அங்கேயே தேங்கி, வேருக்குக் காற்றில்லாமல் அழுகத் தொடங்கும். பனியில் தப்பிய செடிகூட ஏப்ரலில் இப்படிச் சாவதுண்டு. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்க. அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்க.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகம் போதும். கிளை நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, ஒரு நெல்மணி அளவுக்கு மேல்தோலைச் சுரண்டுங்க. அடியில் ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தவிட்டு நிறமாகக் காய்ந்திருந்தால் அந்த இடம் மட்டும் போய்விட்டது. இன்னும் ஒரு சாண் இறங்கிப் பாருங்க. இப்படியே மண் வரைக்கும். தண்டைச் சுற்றி வளையமாக மட்டும் சுரண்டிவிடாதீங்க.

பட்ட நுனியையும் உடனே வெட்ட வேண்டாம். வெட்டினால் கீழ்மொட்டு சீக்கிரம் விழித்துக்கொள்ளும், அடுத்த உறைபனி அதைக் கருக்கிவிடும். ரோஜாவுக்கு ஒரு அடையாளம் உண்டு: தெருவில் ஃபோர்சித்தியா என்ற புதர்ச்செடி மஞ்சளாகப் பூக்கும்போது கத்திரி எடுக்கலாம். தண்டின் உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை இறங்கி, உயிருள்ள மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே சாய்வாக வெட்டுங்க.

ஒட்டு ரோஜாவாக இருந்தால் துளிர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். சேலத்தில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும், ஒட்டுக்குக் கீழே வெடித்த கிளையில் மல்கோவா காய்க்காது. இங்கும் அதேதான். கீழிருந்து வருவதை வேரோடு சேரும் இடத்திலேயே கிழித்து எடுத்துவிடுங்க. ஒட்டுப் போடாமல், சொந்த வேரில் வளர்த்த ரோஜா என்றால் அடியிலிருந்து வந்தாலும் அதே பூதான்.

மற்றொரு பதில்: ஆப்பிள் கன்றின் அடித்தண்டை இன்றைக்கே குனிந்து பாருங்கள். பனிக்கு அடியில் எலியும் பனிக்கு மேலே முயலும் பட்டையைக் கடித்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் என்றால் ஆறிவிடும். முழு வளையமாகக் கடித்திருந்தால் மே மாதம் துளிர்க்கும், நம்பிக்கை கொடுக்கும், ஜூன் வெயிலில் திடீரென்று கருகும். சேர்த்து வைத்த சத்தில் விட்ட இலை அது. மண் உறைந்து இளகும்போது இளங்கன்றை மேலே தூக்கிவிடுவதும் உண்டு. வேர் வெளியே தெரிந்தால் காலால் மெல்ல அழுத்தி, மூன்று அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி இரண்டு அங்குலம் இடம் விடுங்கள்.

அத்தி நிதானமானது. மேலே எல்லாம் பட்டுப்போய் வேரடியிலிருந்து துளிர்ப்பதும் அதற்கு வழக்கம். ஜூன் கடைசி வரை விட்டுவிடுங்கள்.

எந்தச் செடிக்கும் துளிர் விரியும் முன் உரம் வேண்டாம். விதிவிலக்காகத் தண்ணீர் கேட்கும் இடம் ஒன்று: நடைபாதைக்குக் கொட்டிய உப்பு சேர்ந்த ஓரம். மண் இளகிய பிறகு அங்கே மட்டும் ஓரிரு முறை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள்.

கேள்வி: கறிவேப்பிலை தண்டில் பச்சை இருக்குங்க! எப்போது வெளியே வைக்கலாம்?

பதில்: நல்ல சேதி. வெளியிலேயே பனியில் கிடந்திருந்தால் ஆசை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ராத்திரி வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் தொடர்ந்து வரட்டும். டொராண்டோவில் விக்டோரியா தின வார இறுதிக்கு (மே 25-க்கு முந்தைய திங்களை ஒட்டிய விடுமுறை) முன் அவசரப்படாதீங்க. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டிப் பத்து நாளில் வெயிலுக்குக் கொண்டுபோங்க. நேராக வெயிலில் வைத்தால் புது இலை வெள்ளைத் திட்டாக வெந்துவிடும். இரண்டு மூன்று ஈர்க்கு முழுசாக விரிந்த பிறகு உரம் கொடுங்க.

வெளியில் துளிர் விட்ட செடிகளுக்கு மே மாதம் உறைபனி எச்சரிக்கை வந்தால் பழைய பருத்தி வேட்டியைச் சாயங்காலமே தரை வரைக்கும் போர்த்தி, காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்க. பிளாஸ்டிக் தாள் போர்த்தாதீங்க, அது இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும்.

ஜூன் கடைசியிலும் அடித்தண்டில் பச்சை இல்லை என்றால் பிடுங்குங்க, ஆனால் வேரைப் பார்க்காமல் எறியாதீங்க. வேர்த்தோல் கறுத்து வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அந்த இடத்தை மேடாக்கி, மக்கிய உரம் கலந்து, அப்புறம் அடுத்த கன்றை வையுங்க.