90 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஓர் இரவு: கோலாலம்பூரில் பாட்டுக் கேட்கப் போனது தப்பா?
(புனைபெயர்களில் ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும்)

இரவு ரயில்:
தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை, அறைத்தோழிகள் இருவருடன் காஜாங்கிலிருந்து எம்ஆர்டி நகர ரயில் ஏறினேன். தலைநகரில் மேடையிலோ தெருவிலோ நேரடியாக வாசிக்கிற இடங்களை ஒரே இரவில் சுற்றிவருவதுதான் திட்டம்.

முதலில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம். மோனோரயில் நிலையத்துக்கு அருகே நடைபாதையில் பார்வையற்ற ஒருவர் கீபோர்டு வாசித்துப் பழைய தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். சரணம் தொடங்கும்போது ஒரு பஸ் வந்து நின்று இரைந்தது. அவர் நிறுத்தவில்லை. பஸ் நகரும்வரை இடையிசையையே நான்கைந்து முறை சுற்றிச் சுற்றி வாசித்தார். நகர்ந்ததும் சரணத்தை எடுத்தார்.

அடுத்தது ஜாலான் மெசூ என்ற தெருவில் இருக்கும் நோ பிளாக் டை. பியானோ கலைஞர் ஒருவர் 1998இல் தொடங்கிய ஜாஸ் கூடம். டிரம்ஸ் வாசித்தவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் தோலைத் தடவினார். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம்! பிறகு புக்கிட் பிந்தாங் சந்திப்பில் தெருப் பாடகர்கள். கடைசி ரயிலைத் தவறவிட்டு, மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடை) வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு, கிராப் வாடகைக் காரில் திரும்பினோம். ஆளுக்கு 90 வெள்ளி ஆனது. எனக்கு வருத்தமில்லை.

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கு வருத்தமில்லை, சரி. பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனைக் கட்டப்போகிறவருக்கு இருக்குமே? 90 வெள்ளி என்பது பத்து நாள் மதியச் சாப்பாடு. தெருவில் கேட்டதைத்தான் நீங்களே அதிகம் மெச்சியிருக்கிறீர்கள். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்க் காசு கொடுத்து, புரியாத இசையைக் கேட்பானேன்? மது விற்கிற இடத்தில் மாணவிகளுக்கு என்ன வேலை? நம் அப்பா, தாத்தா காலத்தில் இப்படி யாராவது போனதுண்டா?

இரவு ரயில்:
அண்ணா, எனக்கு 20 வயது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கக்கூடாது என்பது 2017 டிசம்பர் 1 முதல் சட்டம். நான் குடித்தது எலுமிச்சைச் சாறு. மதுக்கூடங்கள் நிறைந்த சங்காட் தெருப் பக்கம் வேறொரு கடையில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் கேட்டதும் இலவசமில்லை, 5 வெள்ளி போட்டேன்.

ஈப்போ அக்கா:
பாட்டில் எனக்கு மறுப்பில்லை, தங்கச்சி. நடுநிசிக்கு மேல் மூன்று பெண்கள் வண்டிக்காகத் தெருவில் நின்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. இரட்டைக் கோபுரத்தின் அடியில் டேவான் பிலார்மோனிக் என்ற இசையரங்கம் இருக்கிறது. சீக்கிரமே முடிந்துவிடும், கீழே இறங்கினால் எல்ஆர்டி ரயில். நான் படித்த காலத்தில் அங்கே போவதற்கென்றே என் தம்பி மாமாவிடம் நீளக்கை பாத்திக் சட்டையை இரவல் வாங்குவான். தோள் இரண்டும் தொங்கும்.

உறுமிக்காரன்:
“காசு கொடுத்துக் கேட்பானேன்” என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்கிறேன்.

எங்கள் உறுமி மேளக் குழுவுக்குப் பதினோரு வயது. தைப்பூசத்தில் பத்துமலையில் காவடிக்கு வாசிப்போம், அது வேறு, அதற்குக் கணக்குப் பார்ப்பதில்லை. கல்யாணங்களில் மின்னிசைக் குழுவோடு கீபோர்டும் வாசிக்கிறேன். அங்கே எங்களை யார் கேட்கிறார்கள்? ஸ்பீக்கரை விடச் சத்தமாக முன்வரிசையில் நிலம் விற்ற கதை ஓடும். முடிந்ததும் கூலியைக் கேட்டால், “நாளைக்குப் பார்க்கலாம் தம்பி.” அந்த நாளை மூன்று வாரம் கழித்து வரும்.

அந்த மெசூ கூடத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கட்டணம் கொடுத்து வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைத்தான் முதலில் கவனித்தேன், இசையை அப்புறம்தான். அந்தத் தூரிகைச் சத்தம் இருக்கிறதே, உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து இழுக்கிறோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அந்தப் பணம் நம் கலைக்குப் போகட்டுமே! பிரிக்பீல்ட்ஸில் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981 முதல் இயங்குகிறது. சங்கீதமும் பரதமும் சொல்லித்தருகிறார்கள், சொந்த அரங்கமே உண்டு. பக்கத்திலேயே போய்விட்டு மெசூவுக்கு ஏன் ஓடினீர்கள்?

இசைக்காரர்களுக்கு நான் எதிரி இல்லை. ஆகஸ்டில் செந்தூலில் என் மகள் கல்யாணம். குழுவினர் 1,500 வெள்ளி கேட்டார்கள், 1,000 வெள்ளிக்குப் பேசி முடித்திருக்கிறேன். சந்தை விலை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

இரவு ரயில்:
அங்கே அன்றைக்கு நிகழ்ச்சி இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்போம். “நம் கலை”, “அவர்கள் கலை” என்று நான் பிரித்துக்கொண்டு கிளம்பவில்லை.

சுங்கை வாங் தாத்தா:
அப்பா, தாத்தா காலத்தில் யாராவது போனார்களா என்று கேட்டதால் உள்ளே வருகிறேன். போனார்கள், ஐயா. இன்று சுங்கை வாங் பிளாசா என்ற பேரங்காடி நிற்கும் இடத்தில் பிபி பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1938இல் திறந்தது, 1972இல் மூடினார்கள். ஜோகெட் என்ற மலாய் நடனத்துக்கு மேடை உண்டு. வாத்தியக்காரர்கள் நேரில் வாசிப்பார்கள், டிக்கெட் வாங்கினால் பாட்டுக்கு ஒரு பெண்ணோடு ஆடலாம். என் அப்பா ரப்பர் தோட்டத்திலிருந்து சம்பள நாளில் லாரி ஏறி வருவாராம். வயலின்காரரைப் பார்க்கத்தான் போனேன் என்று கடைசிவரை சாதித்தார். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை.

ஈப்போ அக்கா:
அந்த லாரியாவது வீடுவரைக்கும் கொண்டுபோய் விட்டிருக்கும்.

உறுமிக்காரன்:
கணக்குப்பிள்ளை அண்ணே, செந்தூல் கல்யாணம் ஆகஸ்டில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையா? ஆறு பேர் குழு, 1,000 வெள்ளி, போக்குவரத்தும் எங்கள் செலவு?

கணக்குப்பிள்ளை:
ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

உறுமிக்காரன்:
கீபோர்டு நான்தான்.

கணக்குப்பிள்ளை:
முதல் பந்தியிலேயே உங்களுக்குச் சாப்பாடு போடச் சொல்கிறேன், தம்பி.