ஸ்பாட் வெல்டருக்கு ஒரு சொல்: புள்ளியா, பொட்டா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

18650 லித்தியம் கலங்களை நிக்கல் பட்டையால் இணைத்து வீட்டிலேயே பேட்டரி பேக் கட்டுகிறவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. கையடக்க ஸ்பாட் வெல்டரை (பட்டையைக் கலத்தோடு மின்சூட்டால் பிடிக்கவைக்கும் கருவியை) எப்படிச் சோதித்து வாங்குவது என்பதுதான் அதன் முதல் பகுதி. வெல்டிங்குக்குப் 'பற்றவைப்பு' என்ற சொல் ஏற்கெனவே வழங்குவதால் 'புள்ளிப் பற்றவைப்பு', 'புள்ளிப் பற்றவைப்பான்' என்று எழுதியிருக்கிறோம். சரிதானா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

———

> புள்ளிப் பற்றவைப்பான்

வணக்கம். வேறு எங்கே இருந்தாலும் இந்தக் கையேட்டில் இந்தச் சொல் வேண்டாம். "கலத்தைப் பற்றவைக்கும் முன் கண்ணாடி அணிக" என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாம் அடுப்பைப் பற்றவைக்கிறோம், விளக்கைப் பற்றவைக்கிறோம். லித்தியம் கலமோ உண்மையிலேயே தீப்பிடிக்கக்கூடிய பொருள். கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் வராத குழப்பம் இங்கே வரும்.

பற்றாசும் பொருந்தாது. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உருகி நின்று பிடித்துக்கொள்ளும் மூன்றாவது உலோகம்தான் பற்றாசு. பொற்கொல்லர் பொடிவைத்து ஊதுவதும் அந்த வகைதான். இங்கே நடுவில் எதையும் வைப்பதில்லை. இரண்டு செம்பு முனைகளைப் பட்டைமேல் அழுத்தி, 5 முதல் 20 மில்லிநொடி நேரம் பல நூறு ஆம்பியர் பாய்ச்சுகிறோம். பட்டையும் கலத்தின் உலோக ஓடும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்தடை கூடுதலாக இருப்பதால் சூடு அங்கே திரண்டு இரண்டும் ஒன்றாகின்றன. மேலே தெரிவது ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத் தழும்பு.

அந்தத் தழும்புக்குப் 'பொட்டு' என்பதே சரியான பெயர். வடிவியலில் புள்ளிக்கு இடம் உண்டு, பரப்பு இல்லை. பொட்டுக்குப் பரப்பு உண்டு. இணைப்பின் வலிமை முழுக்க அந்தப் பரப்பில்தான் இருக்கிறது. வேலை செய்கிறவர்கள் "ரெண்டு ஸ்பாட் வை" என்கிறார்கள். "ரெண்டு பொட்டு வை" என்றால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆகவே செயலுக்குப் பொட்டிணைப்பு, கருவிக்குப் பொட்டிணைப்பி.

பழுதுகளுக்கும் பெயர் வைக்க முடிந்தால்தான் ஒரு சொல் நிலைக்கும். வெளியே பார்த்தால் பொட்டு தெரியும், உள்ளே பிடித்திருக்காது. அது 'வெறும்பொட்டு'. ஆற்றல் மிகுந்து பட்டையையும் ஓட்டையும் துளைத்துவிட்டால் 'பொத்தற்பொட்டு'. கலத்தின் ஓடு மெல்லிய தகடுதான். அது துளைபட்டால் மின்பகுநீர் கசியும். அந்தக் கலத்தை அப்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

வெறும்பொட்டைக் கண்டுபிடிக்க உரித்துப் பார்ப்பதே எளிய வழி. 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள நிக்கல் பட்டையைப் பழைய, முழுதும் மின்னிறக்கிய கலத்தின் அடிப்பக்கத்தில் வைத்து, மிகக் குறைந்த நிலையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிப் பொட்டு வையுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் பட்டையின் நுனியை மூக்குக் குறட்டால் பிடித்துப் பாய் சுருட்டுவதுபோல் மெல்லச் சுருட்டுங்கள். "டிக்" என்று விட்டுக்கொண்டு பட்டை முழுசாக வந்து, ஓட்டில் மங்கலான வட்டம் மட்டும் இருந்தால் அது வெறும்பொட்டு. பட்டையில் துளை விழுந்து, கிழிந்த நிக்கல் துணுக்கு ஓட்டிலேயே ஒட்டி நின்றால் பொட்டு பிடித்திருக்கிறது. துணுக்கின் ஓரத்தை நகத்தால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும்.

இந்தச் சோதனையைத் தூய நிக்கலில்தான் செய்ய வேண்டும். நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டைக்குத் தடை கூடுதல். வலுவில்லாத கருவியும் அதில் அழகாகப் பொட்டு வைத்துவிடும். கருவியோடு இலவசமாக வரும் பட்டையில் எல்லாம் நன்றாக இருந்து, பிறகு வாங்கிய பட்டையில் ஒன்றும் பிடிக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காந்தத்தை நம்பாதீர்கள், நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். பட்டையை அரத்தால் கீறி உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். துரு ஏறினால் இரும்பு.

———

> செயலுக்குப் பொட்டிணைப்பு

பொட்டு சரி. 'இணைப்பு' இடிக்கிறது. பாடநூலில் தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று படித்து வரும் மாணவர், பொட்டிணைப்பு அந்த வரிசையில் மூன்றாவது சுற்று வகை என்று நினைத்துவிடுவார். பேக் கட்டுவதில் அந்த இரண்டு சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வரும். 'பொட்டொட்டு, பொட்டொட்டி' என்று வைத்தால் என்ன?

———

ஐயா சொல்லும் குழப்பம் உண்மையானதுதான். ஆனால் பொட்டொட்டி என்றதும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. பசை தடவி ஒட்டும் வேலை என்ற எண்ணமும் தொற்றிக்கொள்ளும். 'பொட்டுப்பற்றி' என்றும் யோசிக்கலாம். "பொட்டுப்பற்றி எழுதுகிறேன்" என்றால் கருவியா, பொட்டைப் பற்றியா என்று தெரியாது.

இணைப்பை வேறு ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள்: திருகிணைப்பு, தறையிணைப்பு (ரிவெட்), பற்றாசிணைப்பு, பொட்டிணைப்பு. நான்குமே எதனால் பிடித்து நிற்கிறது என்பதைச் சொல்கின்றன. தொடரும் பக்கமும் கலங்கள் எந்த முறையில் நிற்கின்றன என்பதைச் சொல்கின்றன. கையேட்டின் தொடக்கத்திலேயே "4 கலங்களைப் பக்க இணைப்பில் வைத்துப் பொட்டிணைக்கவும்" என்று ஒரு வாக்கியம் வந்துவிட்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

கூடவே வேண்டிய சொற்கள்: செம்பு முனைக்குத் 'தொடுமுனை', பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவிலுள்ள தடைக்குத் 'தொடுதடை'. ஓட்டுக்குள் இறங்காமல் பட்டை வழியாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும் மின்னோட்டத்துக்குக் 'குறுக்கோட்டம்'. தொடுமுனைகளை மிக நெருக்கமாக வைத்தால் குறுக்கோட்டம் கூடி, பட்டை சிவந்து பொட்டு வெறும்பொட்டாகும். நடுவில் பிளவு வெட்டிய பட்டையை வாங்கி, பிளவின் இருபுறமும் ஒவ்வொரு முனையை வைத்தால் குறுக்கோட்டத்தின் வழி நீளும், மின்னோட்டம் ஓட்டின் வழியே இறங்கும்.

அழுத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அழுத்தம் குறைந்தால் தொடுதடை ஏறிப் பொறி பறக்கும், முனை கரியும். மிதமிஞ்சி அழுத்தினால் தொடுதடை இறங்கிச் சூடு போதாது. இரண்டு முனைக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கப் பழகுவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

———

சொற்களை ஏற்கிறோம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் உச்ச ஆம்பியர் எண்ணை எப்படி எடுத்துக்கொள்வது?

———

அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒற்றை லித்தியம் கலத்தில் ஓடும் சிறு பொட்டிணைப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கலத்தின் உள்தடை, மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தை விட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்), கம்பி, தொடுமுனை எல்லாம் சேர்ந்து 4 மில்லிஓம் என்று கொண்டால், 4.2 வோல்ட்டில் 1050 ஆம்பியருக்கு மேல் ஓடவே வழியில்லை. மின்னேற்றம் இறங்கி 3.7 வோல்ட் ஆனால் 925. சூடு மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதே நிலையில் சூடு சுமார் 22 விழுக்காடு குறையும். முதல் பத்துப் பொட்டு பிடித்து, முப்பதாவது உரிந்து வருவது இதனால்தான். முழு மின்னேற்றத்தில் ஒருமுறை, பாதி தீர்ந்ததும் ஒருமுறை என இரண்டு தடவை உரித்துப் பார்த்தே கருவியை மதிப்பிட வேண்டும்.

கம்பியை நீட்டவே கூடாது. 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கூட்டினால் ஏறக்குறைய 1 மில்லிஓம் ஏறும். 4 என்பது 5 ஆனால் பொட்டில் சேரும் சூடு மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போகும்.

மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் மின்னோட்டத்தை விடும் நிலையிலேயே நின்றுவிடும், பொட்டு வைக்கும் நேரம் முடிந்தாலும் மின்னோட்டம் நிற்காது. ஆகவே வேலை தொடங்குமுன் பொத்தானை அழுத்தாமல் இரு முனைகளையும் ஒரு துண்டுப் பட்டையில் தொட்டுப் பாருங்கள். முனை தொட்டதும் தானே மின்னோட்டம் பாய்ச்சும் தானியங்கி நிலை இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். பொறி வந்தால் கருவியைக் கலத்தின் அருகே கொண்டுபோகக் கூடாது.

நேர்முனைப் பக்கத்தில் பொட்டு வைக்குமுன் மின்காப்பு வளையம் ஒட்டுவதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். மூடியைச் சுற்றியுள்ள விளிம்பு எதிர்முனை. இடைவெளி மிகக் குறைவு. பட்டை சற்று நழுவினாலும் குறுக்குச் சுற்று (ஷார்ட் சர்க்யூட்).

சொற்பட்டியலுக்கான பதிவு:

பொட்டிணைப்பு (பெ.): இரு உலோகத் தகடுகளைத் தொடுமுனைகளால் அழுத்தி, குறுநேர மின்னோட்டத்தின் சூட்டால் வேறு உலோகம் சேர்க்காமல் சிறு வட்டப் பரப்பில் ஒன்றாக்குதல். வினை: பொட்டிணை, பேச்சில்: பொட்டு வை. "கலத்துக்கு நான்கு பொட்டு வைத்தபின் பட்டையை உரித்துப் பார்."