அம்மோனியாவுக்கு 1.47, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடுக்கு மட்டும் ஏன் 0.23?

பதினொன்றாம் வகுப்பு மகளுக்கு வேதியியல் சொல்லித்தரப் போய் நானே மாட்டிக்கொண்டேன். கார்பன் டை ஆக்சைடு நேர்க்கோடு, ரெண்டு பக்க இழுப்பும் சரிக்குச் சரி, முனைவு (ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின் எனப் பிரிவது) இல்லை. தண்ணீர் வளைந்தது, உண்டு. இதுவரை சரி.

அம்மோனியாவில் எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பு எலக்ட்ரானை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) வித்தியாசம் 0.84, நைட்ரஜன் ட்ரைஃபுளூரைடில் 0.94. இரண்டும் பிரமிடு வடிவம்தான். ஆனால் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறின் முனைவு எவ்வளவு என்ற அளவு) முன்னதில் 1.47 டிபை, பின்னதில் வெறும் 0.23! நைட்ரஜன் தலையில் இருக்கும் தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான் ஜோடி, ஃபுளூரின் இழுப்புக்கு எதிர்த்திசையில் நிற்பதால் இரண்டும் பெரும்பாலும் ரத்தாகிவிடுகிறதாம். உருளைக்கிழங்கில் தீக்குச்சி குத்திக்கூடக் காட்டிவிட்டேன். "அப்போ கவர்தன்மையை மட்டும் வெச்சு எதுவும் சொல்ல முடியாதாப்பா?" என்கிறாள். கார்பன் மோனாக்சைடில் கார்பன் பக்கம் எதிர்மின் முனையாக இருப்பதும் இதே கதைதானா?

செவ்வாய்க்கிழமை தேர்வு. பாடம் நடத்துகிறவர்கள் யாராவது எளிமையாகச் சொல்லுங்களேன்.