ஆர்டிராம் (ராம்பஸ் கம்பெனி டிசைன் பண்ண மெமரி) போட்ட பென்டியம் 4 யாராச்சும் யூஸ் பண்ணிருக்கீங்களா?

2001ல எங்க ஆபீஸ்ல ஒரு பென்டியம் 4 அசெம்பிள் பண்ணி வாங்கினாங்க, 850 சிப்செட் போர்டு. இன்டெல் அப்ப பாக்ஸ் ப்ராசசர் கூடவே ரெண்டு 64 எம்பி ராம்பஸ் ஸ்டிக் வெச்சு குடுத்த காலம். நாலு ஸ்லாட்ல ரெண்டுல ரேம், மீதி ரெண்டுல சிப்பே இல்லாத வெறும் அட்டை. தூசி தட்டறப்ப இது எதுக்கு சும்மா இருக்குன்னு அந்த அட்டைய கழட்டி டிராயர்ல போட்டுட்டேன், அவ்ளோதான், டிஸ்ப்ளே வரல. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாத்தி பாத்தேன், ப்ராசசர கழட்டி மாட்டினேன், ஒரு நாள் பூரா போச்சு.

அப்பறம் படிச்சு தான் புரிஞ்சுது. ஆர்டிராம்ல சிக்னல் ஒரு ஸ்லாட் உள்ள போயி அடுத்த ஸ்லாட் வழியா கடைசில இருக்கற டெர்மினேஷன் (லைன முடிச்சு வெக்கற ரெசிஸ்டர்) வரைக்கும் ஓடணும், நடுவுல ஒரு ஸ்லாட் காலியா இருந்தா லைன் அறுந்துரும், அதுக்கு தான் அந்த சி-ரிம் அட்டை. திருப்பி மாட்டினதும் ஓடிருச்சு.

ஆனா மெஷின் நல்ல வேகம், அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன். பிசி800 ரக ஆர்டிராம் ஒரு சேனலுக்கு 1.6 ஜிபி, ரெண்டு சேனல் சேந்தா செகண்டுக்கு 3.2 ஜிபி, பென்டியம் 4க்கு டேட்டா போற பஸ்ஸும் கரெக்டா அதே 3.2. அப்பறம் 845 போர்டுல பிசி133 எஸ்டிராம் (பழைய சாதா மெமரி) போட்டு வந்தப்ப 1 ஜிபி சொச்சம் தான், அதே ப்ராசசர் பட்டினி கெடந்துச்சு. 128 எம்பிய ஏத்தலாம்னு விலை கேட்டா தான் வயிறு எரியும், அதுவும் ஜோடி ஜோடியா தான் வாங்கணும்.

---

அண்ணா, நான் அப்ப ஏஎம்டியோட ஆத்லான் ப்ராசசர் பக்கம். ஏஎம்டி 760 போர்டு, பிசி2100 டிடிஆர் (எஸ்டிராமுக்கு அடுத்து வந்த மெமரி), ஒத்த ஸ்டிக்லயே 2.1 ஜிபி, காலி ஸ்லாட்ட காலியாவே விடலாம். மெமரி தயாரிக்கறவங்களுக்கும் பழைய எஸ்டிராம் லைன கொஞ்சம் மாத்தினா டிடிஆர் வந்துரும், ராம்பஸுக்கு ராயல்டி வேற கட்டணும், அப்ப அவங்க எந்தப் பக்கம் போவாங்க சொல்லுங்க. 2000 கடைசிலயே அப்போ இன்டெல் சிஇஓவா இருந்த கிரெய்க் பேரட், வெளி கம்பெனிய நம்பி இருந்தது தப்புன்னு ஒத்துக்கிட்டார். 2003ல 865 போர்டு ரெண்டு சேனல் டிடிஆர்400ல 6.4 ஜிபி குடுத்தப்ப ஆட்டம் முடிஞ்சுது.

---

சர்வீஸ்ல இருந்தப்ப ஒருத்தர் ராம்பஸ் போர்டுல டிடிஆர் ஸ்டிக்க அழுத்தி சொருகி ஸ்லாட்ட ஒடச்சுட்டு வந்தார். ரெண்டுக்கும் 184 பின் தான், வெட்டு இருக்கற எடம் வேற, பாவம் அவருக்கு யாரும் சொல்லல.

850க்கு அப்பறம் வந்த 850இ போர்டுல, பிசி800 விட வேகமான பிசி1066 ஆர்டிராம் ஓட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா? நான் கண்ணால கூட பாத்ததில்ல.